நாலாவது தடவையும் பல்லவி

செம்பூர்
3 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி சுடலைக்கண்ணனுக்கு,

உன் போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய் என்பது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. முதலில் நெட் இல்லையோ என்று நினைத்தேன். பிறகு பைசான் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி, காகிதத்தை யாரும் தடுக்க முடியாது. சைனப் தினமும் செம்பூரிலிருந்து உங்கள் பை பட்டறைக்கு ஜிப் தைக்க வருகிறாளே, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுபோவாயா என்றதும், "தும்லோக் கா போன் மர் கயா க்யா?" என்று கேட்டாள். சாகவில்லை, கோபித்துக்கொண்டிருக்கிறது என்றேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சயான் மண்டபத்தில் நடந்ததைப் பேசிவிடலாம். பாட்டு நம் இருவருடையது. பல்லவி நான் கட்டியது, சரணம் இரண்டும் நீ எழுதியது, தாளம் பைசான் போட்டது. நான் பல்லவியைப் பாடி நிறுத்த, நீ முதல் சரணத்தை எடுக்க வேண்டும் என்றுதான் பேச்சு. நான் பல்லவியை முடித்தேன். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. மாட்டுங்காவிலிருந்து பட்டுப்புடவையில் வந்த மாமிகள்கூட நம் கைவண்டிப் பாட்டுக்கு "ஓரம் ஓரம்" என்று கை தட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் கைவண்டியைக் கிட்டத்தில் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தி உன் பக்கம் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு தடவை பாடினேன். பிறகு இன்னொரு தடவை. நாலாவது தடவையும் நான் பல்லவிக்கே போனபோது நீ மைக்கை ஸ்டாண்டில் செருகிவிட்டு இறங்கிப் போய்விட்டாய்.

நான் செய்தது ரொம்ப சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் மேடையில் நிற்கிறவளுக்குக் கூட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். அதையும் நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நீ போன பிறகு நான் எப்படி முடித்தேன் என்று கேட்கிறாயா? முடிக்கவில்லை. பைசான் தாளத்தைக் குறைத்துக்கொண்டே போய் எப்படியோ அணைத்தான்.

கோபம் தீர்ந்திருந்தால் ஒரு வரி எழுது. தீராவிட்டால் இரண்டு வரி எழுது.

அக்கா,
ஜோஸ்பின்

*

தாராவி
8 நவம்பர் 2024

ஜோஸ்பின் டீச்சர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அதனால் டீச்சர். என்னுடையது முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்துத் தமிழ். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அனுப்ப வேண்டாம்.

இரண்டு வரி எழுதச் சொல்கிறீர்கள். நம் சண்டையே அதுதான். உங்களுக்கு இரண்டு வரி போதும். எனக்கு எட்டு வரி வேண்டும்.

அந்தப் பாட்டை எதற்கு எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. முட்டி வலிக்கு சயான் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பின மனிதர், ஆஸ்பத்திரிக்கே போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெயிலுமுத்து என்ற பெயரைச் சொல்லி நான் ஏறாத படி இல்லை. கடைசியில்தான் பாட்டு என்று தோன்றியது. போஸ்டரை மழை நனைத்துவிடும், பாட்டு போன் போனாகப் போகும், எங்காவது ஒரு டீக்கடையில் அவர் காதில் விழும், நாங்கள் தேடுகிறோம் என்று தெரியும், வந்துவிடுவார். இதை நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அவருக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் சரணத்தில் இருக்கிறது. நீங்களோ டிஜே கேட்டான் என்று பல்லவியை மட்டும் நறுக்கி நாற்பது செகண்ட் துண்டாகக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது அது எங்கே இல்லை? எங்கள் கல்லியில் சந்துக்குச் சந்து பிள்ளைகள் ஆடுகின்றன. கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சள் பூசும்போது போடுகிறார்கள். என் அப்பா காணாமல் போனதற்கு ஊரே இடுப்பை ஆட்டுகிறது, டீச்சர்.

எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? நடுவில் உட்கார்ந்திருப்பவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். கதையை விட்டுவிட்டு ஆமாவை மட்டும் வெட்டி ஊருக்கு அனுப்பினால் அது என்ன பாட்டு? நீங்கள் அனுப்பினது அதுதான்.

சுடலைக்கண்ணன்

*

செம்பூர்
13 நவம்பர் 2024

திருவாளர் சுடலைக்கண்ணன் அவர்களுக்கு,

டீச்சர் என்று எழுதினாய் அல்லவா, அதற்காக நானும் இன்று காலை உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். இனி நீயாக மனம் மாறிக் கூப்பிட்டாலும் நான் எடுக்க முடியாது. எழுதத்தான் வேண்டும். எழுது, கையெழுத்தாவது தேறும்.

துண்டைக் கொடுத்தது நான்தான். மறைக்கவில்லையே. "மூணு நிமிஷப் பாட்டை யாரு நின்னு கேப்பா?" என்றான் அவன். உண்மைதானே. கொடுத்திருக்காவிட்டால் பாட்டு இன்னும் பைசான் லேப்டாப்பில் தூங்கிக்கொண்டிருக்கும்.

உன் ஆமாவுக்கு வருகிறேன். நல்ல அடி, படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எங்கள் கோயிலுக்கு ஒரு ஞாயிறு வந்து பார். கீர்த்தனையில் ஏழெட்டு சரணம் இருக்கும். சரணத்தைப் பாடகர் குழு பாடும். அப்போது ஜனங்கள் சும்மா இருப்பார்கள், புத்தகத்தைப் புரட்டுவார்கள், பிள்ளையை அதட்டுவார்கள். பல்லவி வந்ததும் பார்க்க வேண்டும்! புத்தகம் இல்லாதவர், எழுத்துத் தெரியாதவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்து கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். சரணம் போய்க்கொண்டே இருக்கும், ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லாது. பல்லவி அங்கேயே நிற்கும், வருகிறவர்கள் வந்து ஏறிக்கொள்ளட்டும் என்று. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

இன்னொன்று. பல்லவி நான் கட்டியது என்று எழுதியிருந்தேன். அதில் என் வார்த்தை ஒன்றாவது இருக்கிறதா?

ஓரம் ஓரம் வண்டி வருது ஓரம்
பாஜூ பாஜூ பாரம் வருது பாஜூ

அப்பா தோல் மூட்டை ஏற்றிக் கைவண்டி இழுத்தபோது தமிழ்க் கல்லியில் "ஓரம்" என்றும், வடக்கத்தியார் கல்லியில் "பாஜூ" என்றும் கத்திக்கொண்டு வருவார் என்று நீதான் சொன்னாய். அப்போது நீ அவர் மாதிரியே கத்திக் காட்டினாய். நான் அதைத்தான் எடுத்து மெட்டில் உட்கார வைத்தேன். ஊர் பாடுவது என் பாட்டை இல்லை, உங்கள் அப்பாவின் சத்தத்தை. இடுப்பை ஆட்டினால் ஆட்டட்டுமே.

முதல் தடவை அந்த இரண்டு வரியைப் பாடும்போது எனக்கு ஒன்றும் இல்லை, வண்டிக்கு வழி கேட்கிறேன், அவ்வளவுதான். நீ இரண்டு சரணத்தையும் சொல்லி முடித்த பிறகு அதே வரியைப் பாடினால் உங்கள் அப்பாவுக்கே வழி கேட்கிற மாதிரி இருக்கிறது. உன் சரணம் இல்லாமல் என் பல்லவிக்கு அது கிடைக்காது. போதுமா? இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

ஜோஸ்பின்
(டீச்சர் இல்லை)

*

தாராவி
28 நவம்பர் 2024

ஜோஸ்பின் அவர்களுக்கு,

அக்காவும் இல்லை, டீச்சரும் இல்லை. நடுவில் நிற்கிறேன்.

நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு வீம்புக்கு ஒரு காரியம் செய்தேன். பைசான் அறையில் உட்கார்ந்து, பல்லவியே இல்லாமல் சரணங்களை மட்டும் பாடிப் பதிவு செய்து போட்டேன். கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒரு விரல் நான். பைசான், "அச்சா ஹை பாய், லேகின் சாஸ் கஹா லூ?" என்றான். மூச்சு எங்கே விடுவது என்று கேட்கிறான். பாடினவன் நான், மூச்சு முட்டுவது அவனுக்கு.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்வதியம்மாள் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். "ஏல, ஒருத்தன் தெருவுல நிறுத்தி வச்சுப் பேசிக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. நானும் ஒரு வார்த்த சொல்ல எடம் வேண்டாமா?" என்றாள். உங்களிடம் பாட்டு கற்றுக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

ஆனால் உங்கள் பல்லவியையும் அவளுக்குப் பிடிக்காது. கல்லியில் எந்தப் பிள்ளை போனிலாவது அது வந்தால் கரண்டியோடு வெளியே வருவாள். "அவரு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாரு? வந்தாலும் நான் கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்க" என்பாள். யாரும் கேட்காமலே சொல்வாள். காலையில் குழாயில் பிடிக்கிற தண்ணீர் வாளியை வாசல் நடையிலேயே வைத்துவிடுவது அவள் வழக்கமாகிவிட்டது. நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன், வெளியே வருகிறேன். கொஞ்சம் தள்ளி வையேன் என்றால், "நம்ம வீட்டுக்கு யாரு வரப் போறா?" என்கிறாள்.

இரண்டாவது சரணத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். பல்லவிக்காரி என்ற முறையில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் ஸ்டேஷனா ஒட்டினோம், போலீஸ் படியும் ஏறினோம்
ஆஸ்பத்திரி வார்டு வார்டா பேரச் சொல்லித் தேடினோம்
தாணே தொட்டு தாதர் வர ரயிலு ஏறி எறங்கினோம்
தகவல் ஒண்ணும் கிடைக்கல, தலையில கைய வச்சிட்டோம்

உண்மையில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றும் கூட்டவில்லை.

சுடலைக்கண்ணன்

*

செம்பூர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள சுடலைக்கு,

பள்ளியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒத்திகை. பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது இரைகிறது. அதனால்தான் தாமதம். கோபத்தால் இல்லை. கொஞ்சம் கோபமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை.

உன் சரணத்தைப் படித்தேன். திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. இது சரணமா, புகார் மனுவா? நாலு வரியில் போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில், போஸ்டர் எல்லாம் வருகிறது. அப்பா எங்கே? நடந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் இதை யாரிடம் சொல்கிறாய்? போலீஸ்காரரிடம் சொல்வது மாதிரி இருக்கிறது. பல்லவியை ஊருக்குப் பாடலாம். சரணத்தை ஒருத்தர் முகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டும். முதல் சரணத்தில் "வந்திய, வச்சிய" என்று அவரைப் பார்த்துத்தானே பேசினாய்? இரண்டாவதில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்? கேட்கப் பயமாக இருக்கிறதா? பயமாக இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

கடைசி வரி இன்னும் மோசம். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நான் எங்கிருந்து பல்லவியை எடுப்பேன்? எனக்கு ஒரு வழி வைத்துவிட்டுப் போ.

திட்டினது போதும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன ஞாயிறு மான்குர்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடினேன். மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக வைத்த கல்யாணம். நம் பாட்டைக் கேட்டார்கள், வேறு என்ன, பல்லவியை. இரண்டாவது "பாஜூ"வுக்குப் பிறகு கை தட்டுவதற்கென்று பைசான் ஓர் இடைவெளி விட்டிருக்கிறான் இல்லையா? சரியாக அந்த இடத்தில், பந்தலுக்குப் பின்னால் சமையல் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், "காலு, தாயி, காலு!" என்று கத்தியது. கூட்டமெல்லாம் சிரித்துவிட்டது. அடுத்த தடவையும் அதே இடத்தில் அதே குரல், தாளம் ஒரு நூல் பிசகவில்லை. என்ன அழகாகப் பொருந்துகிறது தெரியுமா? வண்டி வரும்போது பெண்களிடம் காலைப் பார்த்துக்கொள் என்று சொல்வது மாதிரி. அதையும் பல்லவியில் சேர்த்துவிடலாமா? நீ சம்மதித்தால்தான்.

ஜோஸ்பின்

*

தாராவி
13 டிசம்பர் 2024

ஜோஸ்பின் அக்கா,

சைனப்பை மிஷினிலிருந்து எழுப்பி இப்போதே திருப்பி அனுப்புகிறேன். முதலாளி கத்துகிறார், கத்தட்டும். உங்களுக்குப் பத்துத் தடவை போன் போட்டேன், போகவில்லை. நீங்கள் தடுத்து வைத்திருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்து நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

"காலு, தாயி, காலு" என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை, அக்கா. நன்றாக யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் நீங்கள் அப்போதே பல்லவியில் போட்டிருப்பீர்கள். எங்கள் கல்லிக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் வந்தால் மட்டும் அப்பா அப்படிச் சொல்வார். வேறு எங்கேயும் சொல்ல மாட்டார், வேறு எந்த வண்டிக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே மறந்துபோயிருந்தேன்.

யார் அது? ஆளைப் பார்த்தீர்களா? யார் வீட்டுக் கல்யாணம்? சமையல் யார்? உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். இல்லை, நான் திறந்துவிட்டேன், நீங்களும் என் நம்பரைத் திறந்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நாம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே நீங்கள் இதைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதற்குள் அவர் எங்கே போனாரோ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சுடலை

*

செம்பூர்
14 டிசம்பர் 2024

என் தம்பி சுடலைக்கு,

நம்பரைத் திறந்துவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது போன் பேசலாம். ஆனாலும் முதலில் காகிதத்தில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், விஷயம் உனக்குப் புரியாது.

நான் ஆளைப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கத் தோன்றவில்லை. நேற்று சைனப் வந்ததும் கல்யாண வீட்டுக்காரர்களைப் பிடித்தேன். சமையல் பொறுப்பு நம்பிராஜன் என்பவர், தாணேக்காரர். அவரிடம் பேசினேன். காய் நறுக்குகிற ஒருவர் இருக்கிறாராம். முழங்காலை மடக்க முடியாது, தரையில் உட்கார மாட்டார், ஸ்டூல் போட்டுத்தான் வேலை. எல்லோரும் "முத்தண்ணே" என்பார்கள். சொந்தக்காரர் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சமையல் சாமான் வைக்கிற அறையிலேயே படுக்கை. "நல்ல மனுசன், ஆனா வாயத் தொறக்க மாட்டாரு. அந்த வண்டிப் பாட்டுப் போட்டா மட்டும் கத்துவாரு" என்றார்.

நாளை ஞாயிறு தாணேயில் ஐயப்ப பூஜை அன்னதானம், இவர்கள் சமையல்தான். இடத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காலையிலேயே போய்விடு.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சொந்தபந்தம் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. ஏன் போனீர்கள் என்று ஆரம்பிக்காதே. மூன்று வருஷமாக ஒருத்தர் வீட்டுக்கு வராமல் இருக்கிறார் என்றால், அந்தக் கேள்வியை அவரே தன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார். பல்லவி அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது, சுடலை. என்னால் ஆனது அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் சொல்வதற்கு என் இரண்டு வரியில் ஒன்றுமே இல்லை. நீ சொன்ன எட்டு வரி இப்போதுதான் வேண்டும். இரண்டாவது சரணத்தை ரயிலில் உட்கார்ந்து எழுது. சயானில் ஏறினால் தாணே போய்ச் சேர்வதற்குள் நாலு வரி வந்துவிடும்.

நான் உனக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன். உங்கள் மாடசாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

அக்கா

*

தாராவி
23 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பாதிதான் சொன்னேன். மீதியைக் கேட்டு நீங்கள் தினமும் மெசேஜ் போடுகிறீர்கள். எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தள்ளிப் போட்டேன். நம் சண்டையில் ஒரு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

தாணேயில் கோயிலுக்குப் பின்னால் மைதானம். பெரிய பெரிய அண்டா. கறுப்பு வேட்டி சாமிமார் இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்பா நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்துப்போய்விட்டார். தாடி வெளுத்திருக்கிறது. நான் முன்னால் போய் நின்றேன். ஓடுவார், அழுவார், திட்டுவார் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தவர், "வந்துட்டியால?" என்றார். பிறகு, "அந்த சாக்கு மேல ஒக்காரு, தண்ணி கெடக்கு" என்றார். கை மட்டும் நறுக்கிக்கொண்டே இருந்தது.

அவராகத்தான் ஆரம்பித்தார். "அந்தப் பாட்டக் கேட்டியா? எவளோ ஒருத்தி என் சத்தத்தக் களவாண்டுட்டா." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அது எங்கள் அக்காதான், நான் எழுதின பாட்டுதான் என்றேன். நம்பாமல் பார்த்தார். "அதுக்கு மேல பாட்டு இருக்காலே? எல்லாவனும் அந்த ரெண்டு வரியத்தான் போடுதானுவ."

இருக்கு என்றேன்.

"பாடு, கேப்போம்."

மைக் இல்லை, தாளம் இல்லை. பக்கத்தில் தேங்காய் அரைக்கிற மிஷின் கடகடவென்று ஓடுகிறது. அவர் முகத்தைப் பார்த்துப் பாடினேன். முதல் சரணம் உங்களுக்குத் தெரியும்.

தோலு மூட்ட ஏத்தி வந்திய தொண்ணூறடி ரோட்டுல
தோளு மேல என்ன வச்சிய கோயில் கொடக் கூட்டத்துல
முட்டி ரெண்டும் மக்கர் பண்ண மூலையில குந்துனிய
மூணு வேளச் சோத்தப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கிட்டிய

நறுக்கிக்கொண்டே கேட்டார். இடையில் ஒரு தடவை, "கொடக் கூட்டத்துல நீ எம் மேல ஒண்ணுக்கு இருந்தியே, அதப் போடலியா?" என்றார். பிறகு ரயிலில் எழுதின சரணத்தைப் பாடினேன். முலுண்டு தாண்டும்போதுதான் கடைசி வரி கிடைத்தது.

சயானுக்குப் போறேன்னு சலவைச் சட்ட போட்டிய
சாயங்காலம் வருவேன்னு சத்தமாத்தான் சொன்னிய
உக்காந்து தின்னா என்ன, ஒங்க சோறு இல்லையா?
ஒரு வார்த்த கேக்காம ஓரமாப் போனிய

மூன்றாவது வரியில் கத்தி நின்றுவிட்டது. நாலாவது வரியைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல்லவி எடுக்க வேண்டும், நான் நிறுத்திக்கொண்டேன். நீங்கள் கேட்டபடி உங்களுக்கு வழி வைத்துத்தான் எழுதியிருந்தேன், எடுக்க நீங்கள் அங்கே இல்லை. அப்போது அப்பா எடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, "ஓரம்… ஓரம்… வண்டி வருது ஓரம்…" முடித்ததும் திரும்பவும் அதையே எடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பூசணித் துண்டு மேல் விழுகிறது, துடைக்கவில்லை. திரும்பவும் எடுத்தார். நாலாவது தடவையும் அவர் பல்லவிக்கே போனபோது எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. அவரிடம் வேறு வார்த்தை இல்லை. சயானில் நீங்கள் எனக்குச் செய்தது அன்றைக்குத்தான் ஆறியது.

ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "ஒரு வாரம் கழிச்சு வரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் ஒரு மாசம் ஆச்சி. அப்புறம் வெக்கம் புடிச்சிக்கிட்டு. எப்படிலே வருவேன்?" அவ்வளவுதான் காரணம். பிறகு அன்னதானம் முடியும்வரை நானும் உட்கார்ந்து கூட நறுக்கினேன்.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். "இருக்காரா? இருக்கட்டும். நான் கதவத் தொறக்க மாட்டேன்" என்றாள். ஒரு வாரமும் அதையே சொன்னாள். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, தூங்கப் போகும்போது. அவளுக்கும் ஒரு பல்லவி இருக்கிறது.

நேற்று மத்தியானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கல்லி முனைவரை வந்தவர் குழாயடியில் நின்றுவிட்டார். கால் வலிக்கிறது என்றார். வலி காலில் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு வாசல் தெரியும். அம்மா உள்ளே நடை ஓரமாக உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.

அப்புறம் அவராகவே குரல் கொடுத்தார். சத்தமாக இல்லை. வண்டியும் இல்லை, வெறுங்கை.

"ஓரம்… ஓரம்…"

குழாயடியில் இருந்த பெண்கள் பழைய பழக்கத்தில் குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"காலு, தாயி, காலு!"

கதவு திறந்துதான் இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மீன் கையோடு பின்னால் நீட்டி, நடையில் இருந்த தண்ணீர் வாளியைப் பிடித்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

உங்கள் தம்பி,
சுடலைக்கண்ணன்